நாலாவது மெத்தை காலி

அத்தியாயம் ஏழு

விசாரணைக்குப் போகிற வீட்டில் ஒரு துப்பறியும் நிபுணர் இழக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று நிதானம், மற்றது பேன்ட். நம் நிபுணர் அழைப்பு மணியை அழுத்திவிட்டு நிமிர்வதற்குள் இரண்டையும் இழந்திருந்தார்.

மணிச் சத்தம் கேட்டதும் மூன்று நாய்கள் பாய்ந்து வந்தன. அவற்றுக்கு அவரை முகர்ந்து பார்க்கிற ஆசை மட்டும்தான். அதைப் பொறுமையாக விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல் நிபுணர் சுற்றுச்சுவர் மேல் ஏறினார். அவர் ஏறிவிட்டார், பேன்ட்டின் பின்பக்கத் தையல் கூடவே ஏற மறுத்துவிட்டது.

"அத்தான், முகத்தைத் தொங்கப்போடாதீங்க. நல்லவேளை, வந்திருக்கிறது தையல்கார அம்மா வீடு. பல் டாக்டர் வீட்டுல கிழிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றான் மைத்துனன், நடுவில் இருந்த கறுப்பு நாயின் காதைச் சொறிந்தபடி.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. உதவியாளர் தேவை என்று நிபுணர் எங்கும் விளம்பரம் செய்ததில்லை. ஒருநாள் காலை மனைவி, "வெட்டியாத்தானே போறீங்க, இவனையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அத்தோடு நியமனம் முடிந்தது.

அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தையல்கார அம்மா வெளியே வந்தார்.

"வாங்க வக்கீல் சார்... ச்சே, டாக்டர்... ச்சே, அட, துப்பறியறவரே! ஏன் சுவர்மேல உக்காந்திருக்கீங்க? கீழ இறங்குங்க."

நிபுணருக்குச் சுருக்கென்றது. மூன்றாவதாகத்தான் தன் தொழில் ஞாபகம் வருகிறது என்றால் தொழில் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று வீட்டுக்குப் போய் யோசிக்க வேண்டும்.

முன்னறை முழுக்கத் துணி. ஒரு விடுதிக்குத் தைக்க வேண்டிய திரைச்சீலைகள் மலைபோலக் குவிந்திருந்தன. நிபுணரின் பேன்ட் இயந்திரத்தின் கீழே போயிற்று. அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பெரியவனே... ச்சே, குண்டா... ச்சே, வாலு... அட, பாப்பா! இவருக்குச் சுத்திக்க ஏதாவது துணி எடுத்துட்டு வா."

மகன்கள் மூவரும் வெளியூர்களில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. வந்தவள் கடைசி மகள். நாற்பது வயது இருக்கும். இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் வந்து அம்மாவுக்கு ஒத்தாசை செய்துவிட்டுப் போகிறவள். பூப்போட்ட திரைச்சீலை ஒன்றை நிபுணரிடம் நீட்டினாள். காலடியில் கறுப்பு நாய் குறுக்கே நின்றது.

"பூசணி, ச்சே, கர்னல், ச்சே, மிளகு! தள்ளிப் போ" என்றாள். கறுப்பு நாய் தள்ளிப் போயிற்று. மற்ற இரண்டும் தலையைக்கூடத் தூக்கவில்லை.

திரைச்சீலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு கம்பீரமாக உட்கார முயன்றார் நிபுணர். "ம், சொல்லுங்கம்மா. நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லுங்க."

நடந்தது இதுதான். வீட்டில் நாய்கள் நாலு. முன்னறையிலிருந்து பின்வாசலுக்குப் போகும் நடையில், வெட்டுத்துணி அடைத்துத் தைத்த நாலு சின்ன மெத்தைகள். நேற்றுக் காலை அம்மா இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து பார்த்தபோது மூன்று மெத்தையில் மூன்று நாய்கள். நாலாவது மெத்தை காலி. பஞ்சு என்கிற பெரிய வெள்ளை நாயைக் காணோம். பின்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

"ஒரு நாய்கூடக் குரைக்கல," என்றார் அம்மா.

நிபுணர் விரலை உயர்த்தினார். "அப்படின்னா வந்தது தெரிஞ்ச ஆள்!"

"அதைத் தபால்காரர் நேத்தே சொல்லிட்டார்," என்றார் அம்மா.

நிபுணர் விரலை மடக்கிக்கொண்டார்.

"யார் எடுத்ததுன்னு எனக்குத் தெரியும்," என்று அம்மா தொடர்ந்தார். "நாய் பழக்க வருதே, அந்தப் பொண்ணுதான். பிஸ்கட் காட்டியிருந்தா நாலும்ல ஓடியிருக்கும்? கயிறு நாலும் ஆணியிலதான் தொங்குது. நாலுல ஒண்ணை மட்டும் கூப்பிட்டு, மத்த மூணும் அசையாம இருக்கணும்னா அது லேசுப்பட்ட வேலையா? அந்த வித்தை அவளுக்கு மட்டும்தான் தெரியும். முன்னெல்லாம் இதுங்க கும்பலாத்தான் வரும். இப்ப அவ பழக்கின பிறகு, கூப்பிட்டது மட்டும்தான் வருது. பாக்கறீங்களா? கர்னல்... ச்சே, மிளகு... ச்சே, பூசணி, வா!"

பழுப்பு நிறத்தில் உருண்டையாக இருந்த ஒன்று எழுந்து வந்தது. மற்ற இரண்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

"பாத்தீங்களா! மணி அடிச்சா மட்டும் இன்னும் சேர்ந்து ஓடுது. அது அடுத்த பாடமாம். நாளைக்குள்ள பஞ்சு வரலேன்னா நான் போலீசுக்குப் போயிடுவேன். தெருவுல நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். அவளை ரெண்டு வீட்டுல இப்பவே வர வேணாம்னுட்டாங்க."

மகள் ஒரு நிமிடம் நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போனாள். நிபுணர் அப்போது திரைச்சீலையின் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பின்வாசலுக்கு எதிரே, சந்தின் அந்தப் பக்கம், ஒரு சலவைக் கடை. கடைக்காரர் உருண்டோடும் இயந்திரங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, இடுப்பில் பூப்போட்ட துணியோடு வந்தவரை மேலும் கீழும் பார்த்தார். "துவைக்கணுமா?" என்று கேட்டார்.

"விசாரிக்கணும்," என்றார் நிபுணர்.

நேற்றுக் காலை சந்தில் யாரையும் அவர் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாராம். "ஆனா ஒரு சத்தம் கேட்டுது. யாரோ ரொம்ப மெதுவா ‘ச்சே... ச்சே... ச்சே’ன்னு சலிச்சுக்கிட்டாங்க. பாவம், வெறுத்துப்போன ஆள் போலிருக்கு."

நிபுணரின் கண்கள் மின்னின. "குறிச்சுக்கோடா மச்சான். குற்றவாளி வாழ்க்கையில விரக்தி அடைஞ்சவன். எடுத்த காரியம் எதுவும் உருப்படல. தன்னையே நொந்துக்கறான்."

"அப்படின்னா முதல் சந்தேகம் உங்கமேலதான் வரும் அத்தான். நேத்துக் காலையில எங்க இருந்தீங்க?"

பயிற்சிக்காரப் பெண் வாசல் பக்கமே வர மறுத்து, தெருமுனையில் நின்றிருந்தாள். கழுத்தில் விசில், தோளில் பை, அழுது வீங்கிய கண். மைத்துனன் நைச்சியமாகப் பேசி அவளைச் சந்து வழியாகப் பின்வாசலுக்குக் கூட்டி வந்தான்.

"ஒண்ணும் பயப்படாதம்மா," என்றார் நிபுணர். "இங்கேருந்து நீ மிளகை மட்டும் கூப்பிடு. எப்படி வருதுன்னு பாக்கணும்."

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெளிவான குரலில், "மிளகு, வா" என்றாள்.

கறுப்பு நாய் காதை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. எதற்கோ காத்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தது. வரவில்லை. "கர்னல், வா" என்றாள். நரைத்த மூஞ்சியோடு இருந்த கிழட்டு நாயும் அப்படியே பார்த்தது. பூசணி கொட்டாவி விட்டது.

பெண்ணுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "ரெண்டு மாசமா இதே கதைதான் சார். நான் கூப்பிட்டு ஒண்ணுகூட வந்ததில்ல. பேரைச் சொல்லணும், அப்புறம் ‘வா’ சொல்லணும், வந்ததைப் பாராட்டணும், வராம பொறுமையா உக்காந்திருக்கிறதுங்களை அதைவிட அதிகமாப் பாராட்டணும். எல்லாம் முறைப்படிதான் பண்ணேன். மத்த வீட்டு நாய்ங்க எல்லாம் கத்துக்குது. இதுங்க மட்டும் என்னை வேடிக்கை பாக்குது."

"ஆனா அம்மா கூப்பிட்டா வருதே?"

"அதான் எனக்கும் புரியல. திடீர்னு ஒருநாள் ‘நீ நல்லாப் பழக்கிட்டே’ன்னு அவங்களே பாராட்டினாங்க. நான் இல்லேன்னு சொல்லல. அதை வெச்சுத்தான் இந்தத் தெருவுல எனக்கு வேலையே கிடைச்சுது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப உண்மையைச் சொன்னா நான் திருடி இல்லேன்னு ஆயிடும். ஆனா வேலை தெரியாதவன்னு ஆயிடும். எதைச் சொல்றது சார்?"

நிபுணருக்கு அவள்மேல் இரக்கம் பொங்கியது. செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு விழிப்பது எப்படி இருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காணாமல் போன பூனை ஒன்று பசி எடுத்துத் தானாக வீடு திரும்பியபோது அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர் அவர். அந்தப் படம் இன்றும் அவருடைய அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு வழி பண்றேன்மா," என்றார். என்ன வழி என்பது அவருக்கே தெரியாது. வாக்குக் கொடுப்பதில் மட்டும் அவர் கர்ணன் பரம்பரை.

பின்படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தார். நாய்கள் மெத்தையில் படுத்தபடி அவரைப் பார்த்தன. அவர் நாய்களைப் பார்த்தார். இரண்டு தரப்பிலும் முன்னேற்றம் இல்லை.

"அது சரி அத்தான்," என்றான் மைத்துனன், "இதுங்களைப் பாத்தா எனக்கு உங்க ஞாபகம்தான் வருது."

"உதை வாங்கப் போறே."

"நெசமாத்தான். சமையலறையிலேருந்து அக்கா கூப்பிடும்போது முதல்ல வாய் தவறி ‘டேய்’ம்பா. அப்புறம் ‘ச்சே’ம்பா. அதுக்கப்புறம்தான் ‘என்னங்க’. அந்த ‘என்னங்க’ வர வரைக்கும் நீங்க பேப்பரை மடிச்சுப் பாத்ததே இல்ல நான். கண்ணுகூட நகராது. இதோ, இந்த மிளகு உக்காந்திருக்கே, அச்சு அசல் இப்படித்தான்..."

நிபுணர் எழுந்தார். எழுந்த வேகத்தில் திரைச்சீலை அவிழ்ந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மைத்துனனின் தோளைப் பிடித்தார்.

"எல்லாரையும் பின்வாசலுக்கு வரச் சொல்லு. அப்படியே என் பேன்ட் ஆச்சான்னும் கேளு."

பேன்ட் ஆகவில்லை. திரைச்சீலை வேலைதான் முதலில் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆகவே தம் வாழ்நாளின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பை நிபுணர் ஊதாப் பூக்கள் சூழ வெளியிட நேர்ந்தது.

"ஒவ்வொருத்தரா மிளகைக் கூப்பிடுங்க," என்றார்.

சலவைக்காரர் கூப்பிட்டார். மிளகு வரவில்லை. பயிற்சிக்காரப் பெண் கூப்பிட்டாள். வரவில்லை. அம்மா அவளை முறைத்தார், "வேணும்னே வராத மாதிரி கூப்பிடறா" என்றார். மகள் முன்னால் வந்தாள். அழகாக, அழுத்தம் திருத்தமாக, "மிளகு, வா" என்றாள். மிளகு அவளையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

"டேய் மச்சான், நீ கூப்பிடு. நான் சொல்லிக்கொடுத்த மாதிரி."

மைத்துனன் தொண்டையைச் செருமினான். "கர்னல்... ச்சே, பூசணி... ச்சே, மிளகு!"

மிளகு எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, இதுவரை ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காத அந்நியனிடம் வந்து அவன் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை.

"இந்த வீட்டுல முதல்ல சொல்ற பேர் யாருக்கும் சொந்தமில்ல," என்றார் நிபுணர். "அது நாய்களுக்குத் தெரியும். பேருக்குப் பின்னால ‘ச்சே’ வந்தா படுத்திருக்கணும். வரலேன்னா எழுந்திருக்கணும். சுத்தி வந்து கடைசியா நிக்கிற பேர்தான் நிஜமான பேர். இதை இந்தப் பொண்ணு பழக்கல. அம்மா, நீங்க பழக்கியிருக்கீங்க. ஒரே பேரைச் சொல்லிக் கூப்பிட்டா இதுங்க மிச்சப் பேருங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கும். பாவம், இந்தப் பொண்ணு என்ன பண்ணுவா? அவ பாடத்தை முடிக்கறதுக்கு முன்னாடியே பரிட்சை முடிஞ்சுபோச்சு."

"நானா?" அம்மா கொதித்தார். "நான் என்னிக்கு அப்படிக் கூப்பிட்டேன்? பெரியவனே... ச்சே, குண்டா... ச்சே, வாலு... அட பாப்பா, நீயே சொல்லு, நான் அப்படியா கூப்பிடறேன்?"

சலவைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா தான் சொன்னதைத் தானே கேட்டு, அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுருட்ட ஆரம்பித்தார்.

"நேத்துச் சந்துல கேட்ட மூணு ‘ச்சே’யும் விரக்தி இல்ல," என்றார் நிபுணர். அது தம்முடைய கருத்தாக இருந்தது என்பதை நாகரிகமாக மறந்துவிட்டார். "மூணு நாயை உக்கார வெச்சுட்டு நாலாவதைக் கூப்பிட்ட சத்தம். அம்மா மாதிரியே கூப்பிடத் தெரிஞ்ச ஒருத்தர். பயிற்சிக்காரப் பொண்ணுக்கு இந்தச் சங்கதி தெரியாது. தெரிஞ்சிருந்தா ரெண்டு மாசம் இப்படி அழுதிருக்க மாட்டா." மகளின் பக்கம் திரும்பினார். குரல் தானாகத் தணிந்தது. "காலையில எனக்குத் துணி கொண்டுவந்தப்ப மிளகைத் தள்ளிப் போகச் சொன்னீங்க. பூசணி, கர்னல் ரெண்டையும் சொல்லிட்டுத்தான் சொன்னீங்க. அதுதான் உங்களுக்கு வழக்கம். இப்ப எல்லார் முன்னாடியும் ஒரே பேரைச் சொன்னீங்க. அப்படிச் சொன்னா வராதுன்னு தெரிஞ்ச ஆள்தான் அவ்வளவு கவனமாச் சொல்ல முடியும்மா."

மகள் மறுக்கவில்லை. பயிற்சிக்காரப் பெண்ணைப் பார்த்துத்தான் முதலில் பேசினாள்.

"உன்மேல பழி விழும்னு நான் நினைக்கவே இல்ல. நேத்து சாயங்காலமே கொண்டுவந்து விட்டிருக்கணும். அதுக்குள்ள போலீஸ், தெருன்னு ஆயிடுச்சு, எனக்கு வாய் வரல. மன்னிச்சுக்கோ."

"ஏண்டி?" என்றார் அம்மா. "கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா?"

"நாயா வேணும் எனக்கு?" மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கேன். குடிவந்த நாளா ஒரு தடவை என் வீட்டு வாசப்படி மிதிச்சிருக்கியா? நாயை யார் பாத்துப்பா, தையல் இருக்கேன்னு நீ சொல்றதும், நானே தினமும் இங்க வரதும்னு ஆகிப்போச்சு. பஞ்சுவை என் வீட்டுல கட்டிப்போட்டா, அதைத் தேடிக்கிட்டாவது வீடு வீடா வருவேன்னு நினைச்சேன். எல்லா வீட்டுலயும் தேடிட்டுக் கடைசியிலாவது என் வீட்டுக்கு வருவேன்னு நினைச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபுணரைக் கையால் காட்டினாள். "நீ என்னடான்னா, இவரைக் கூப்பிட்டே."

தம்மை இதைவிடக் கேவலமாக யாரும் அறிமுகப்படுத்தியதில்லை என்று நிபுணருக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் சொன்னதில் குறை காண முடியவில்லை.

மகள் விடுவிடுவென்று சந்தில் இறங்கி நடந்துவிட்டாள். அம்மா சுருட்டிய டேப்போடு நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

எல்லோரும் பின்னாலேயே போனார்கள். பட்டப்பகலில், ஜனம் பார்க்க, இரண்டு தெருவைத் திரைச்சீலையோடு கடந்த ஒரே துப்பறியும் நிபுணர் என்ற பெருமை அன்றைக்கு நம்மவருக்குக் கிடைத்தது. இரண்டாவது தெரு முனையில் அம்மா நின்றுவிட்டார்.

"இதுல எந்த வீடு?" என்று கேட்டார்.

கேட்டதும் அவருக்கே முகம் சிறுத்துப்போயிற்று. பயிற்சிக்காரப் பெண்தான் மெதுவாக, "நீலக் கதவும்மா" என்றாள்.

நீலக் கதவு சாத்தியிருந்தது. கம்பி வேலிக்கு உள்ளே, கொடியில் காயும் துணிகளுக்குக் கீழே, பஞ்சு படுத்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் காதை நிமிர்த்தியது. அம்மா கதவைத் தட்டக் கையைத் தூக்கி, தட்டாமல் நிறுத்தினார். வாயைத் திறந்தார். பெரியவன் வந்து நாக்கு நுனியில் நிற்பது முகத்திலேயே தெரிந்தது. குண்டனும் வாலுவும் அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருப்பார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்று பேரையும் விழுங்கினார்.

"பாப்பா," என்றார்.

கதவு உடனே திறந்தது. மகள் கதவுக்குப் பின்னாலேயேதான் நின்றிருக்க வேண்டும். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை கூப்பிடு," என்றாள்.

"பாப்பா," என்றார் அம்மா. இரண்டாம் முறையும் சரியாகத்தான் வந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்தபடி அம்மா வெளியே வந்து, புது உற்சாகத்தில், "பஞ்சு, வா!" என்றார். பஞ்சு அசையவில்லை. மிச்சப் பேருங்களுக்காகக் காத்திருந்தது.

பயிற்சிக்காரப் பெண் முதல் முறையாகச் சிரித்தாள். "அதுங்களை விடுங்கம்மா. நாளைக்கு வந்து உங்களைப் பழக்கறேன்."

"வா. தெருவுல அந்த நாலு பேர்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன்," என்றார் அம்மா. "தப்பு உன்கிட்ட இல்ல, நீ வந்தப்பவே இங்க வேற பாடம் ஓடிக்கிட்டிருந்துதுன்னு." பிறகு நிபுணரின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். "நீங்க செஞ்சதை மறக்கவே மாட்டேன் டாக்டர்... ச்சே, வக்கீல் சார்... ச்சே..."

நிபுணருக்குக் கோபம் வரவில்லை. ஒரு கையால் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, பஞ்சுவின் பக்கத்தில், காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். தன் பேர் கடைசியில் வரும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.